திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிப் பக்கம் இடித்துக் கட்டிய புது பிளாட், வாடகைக்குப் போகலாமா?

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒண்ணாம் தேதியிலிருந்து எனக்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் வேலை. குழித்துறையிலிருந்து ரயிலில் போய்வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் வேலை முடிய இரவு எட்டாகும் என்கிறார்கள், அப்புறம் வண்டி பிடித்து, ஸ்டேஷனில் இறங்கி, ஸ்கூட்டர் எடுத்து வீடு சேரப் பத்தரை ஆகிவிடும். அதுவரை அம்மா தனியாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டுவலி, போன வருடம் கிணற்றடியில் ஒருமுறை விழுந்தும் விட்டார்கள். அதனால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வீடு எடுப்பது என்று இருக்கிறோம்.

ஒரு ப்ரோக்கர் காட்டிய பிளாட், வலியசாலைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் நடுவில் ஒரு சந்தில் இருக்கிறது. முன்பு நாலு ஓட்டு வீடும் முன்னால் ரெண்டு கடையும் இருந்த இடமாம், எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி இடித்து ஐந்து மாடி எழுப்பியிருக்கிறார்கள். எங்களுக்குக் காட்டியது ஐந்தாம் மாடி. ரெண்டு பெட்ரூம், நல்ல வெளிச்சம், ஜன்னலைத் திறந்தால் காற்று. வாடகை 14,500, அட்வான்ஸ் ஒரு லட்சம், மெயின்டனன்ஸ் 1,800. வேண்டுமானால் மாத வாடகை இல்லாமல் ஆறு லட்சம் ஒற்றிக்கும் தருகிறேன் என்கிறார் ஓனர். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், வேறு ஆள் காத்திருக்கிறது என்று ப்ரோக்கர் தினமும் போன் பண்ணுகிறார்.

அந்தப் பக்கம் இருந்தவர்கள், இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். எனக்கு இதுதான் முதல் வாடகை வீடு. என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை.

நேமம் ரயில் எழுதியது:

இடம் அருமையான இடம், அதில் சந்தேகமே வேண்டாம். தம்பானூருக்கு நடந்தே போகலாம். ஊருக்குப் போக ரயிலும் பஸ்ஸும் கையெட்டும் தூரத்தில். காய்கறி, பூ, பாத்திரம், மருந்து எல்லாம் சாலைக் கடைவீதியில் கிடைக்கும், கடைக்காரர்களில் பாதிப் பேர் நம் தமிழ்தான் பேசுவார்கள், அம்மாவுக்கு மொழியால் ஒரு சிரமமும் இருக்காது.

ஆனால் தண்ணீரைக் கேளுங்கள். சிட்டிக்குத் தண்ணீர் அருவிக்கரையிலிருந்து வருகிறது, சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. 2024 செப்டம்பரில் நம் கன்னியாகுமரி ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் வேலைக்காகக் கிள்ளிப்பாலம், ஜகதி பக்கம் பெரிய குழாயை மாற்றப் போனார்கள். ஓரிரு நாள் என்று சொன்னது இழுத்துக்கொண்டே போய், பல வார்டுகளில் நாலு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் அண்ணன் குடும்பம் அப்போது கரமனையில் மூன்றாம் மாடியில் இருந்தது, தினமும் நேமத்திலிருந்து கேனில் பிடித்து ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நாலு நாளில் எந்தக் கட்டடத்தில் கீழே தொட்டி பெரிதாக இருந்ததோ, எங்கே பழைய கிணற்றை மூடாமல் வைத்திருந்தார்களோ அவர்கள்தான் தப்பித்தார்கள். எத்தனை வீட்டுக்கு எத்தனை லிட்டர் தொட்டி என்று கேர்டேக்கரிடம் கேளுங்கள், ப்ரோக்கரிடம் கேட்காதீர்கள்.

வலியசாலை மாமா எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது வலியசாலை அக்ரஹாரம். அறுபத்தெட்டு வயதாகிறது. நீ சொல்கிற சந்து எது என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும் அம்மா, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவர். முன்பக்கம் அகலம் குறைவு, உள்ளே போகப் போக நீளம். திண்ணை, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லையில் கிணறு. அப்படிப்பட்ட வரிசையில் ஒன்றை மட்டும் பிடுங்கினால் பக்கத்து வீட்டுக்காரன் சுவர் வெயிலும் மழையும் படாமல் நூறு வருஷம் இருந்த சுவர், திடீரென்று வெளிச்சுவர் ஆகிவிடும். எங்கள் பக்கத்து வீடு போனபோது அப்படித்தான் ஆனது. அடுத்த மழைக்கு எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, காரை பெயர்ந்து விழுந்தது. இன்னமும் அந்தச் சுவரில், அவர்கள் வீட்டு மாடிப்படி ஏறிய தடம் கோணல் கோணலாகத் தெரிகிறது. மாடத்தில் விளக்கு வைத்த இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறுப்பு. புதுக் கட்டடத்தில் குடிவந்தவர்களுக்கு ஜன்னலைத் திறந்தால் அதுதான் காட்சி.

இதை நீ வரக்கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாம் பெங்களூரு, அமெரிக்கா என்று போய்விட்டார்கள், வயதானவர்கள் அத்தனை பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்க முடியாமல் விற்றார்கள். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. நானே அடுத்த வருஷம் என்ன செய்வேன் என்று தெரியாது. ஆனால் இந்த இடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வா.

முதலாவது, கிணறு. நாலு ஓட்டு வீடு என்றால் நாலு கிணறு இருந்திருக்கும். அவற்றைத் தூர்த்தார்களா, மேலே ஸ்லாப் போட்டார்களா, கார் நிறுத்துமிடம் அதன்மேல் வருகிறதா என்று கேள். ரெண்டாவது, ஓடை. பழைய வீடுகளின் கொல்லைத் தண்ணீர் எல்லாம் பின்னால் ஒரு வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. புதுக் கட்டடங்கள் அதை அடைத்ததோ குழாயாக்கியதோ, எப்படியானாலும் துலாவர்ஷத்தில், அதாவது ஐப்பசி மழையில், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தால் சந்தில் கணுக்கால் அளவு நிற்கும். தம்பானூர் வெள்ளத்துக்காக 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று ஓடைகளை எல்லாம் தோண்டித் திறந்தார்கள், அதற்கப்புறம் எவ்வளவோ தேவலை, ஆனால் நின்றுவிடவில்லை. லிப்ட் குழியில் தண்ணீர் இறங்கினால் லிப்ட் ஓடாது. முட்டுவலி அம்மாவை ஐந்தாம் மாடியில் வைத்திருக்கிற உனக்கு அதுதான் முதல் விஷயம்.

மூன்றாவது, விடியற்காலை நாலரைக்கு ஒருதரம் வந்து அந்தச் சந்தில் நின்று பார். ப்ரோக்கர் உன்னைப் பதினொரு மணிக்குத்தான் கூட்டிப் போயிருப்பார். சாலையில் லாரி இறங்குவது விடிவதற்கு முன்னால். வாழைத்தாரும் வெங்காய மூட்டையும் இறக்குகிற சத்தம், ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், இதெல்லாம் எங்களுக்குத் தாலாட்டு மாதிரி. பழகாதவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

அப்புறம் இன்னொன்று, உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். சாலைக் கம்போளம் என்கிற இந்தக் கடைவீதியை ஏற்படுத்திய திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உங்கள் விளவங்கோடு தாலுகா குன்னத்தூர்க்காரர். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே வந்த காலத்தில் சரக்கும் கூடவே வந்தது, சரக்கோடு ஜனமும் வந்தது. நீ புது ஊருக்கு வரவில்லை.

பாறசாலை ஆதாரம் எழுதியது:

நான் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதும் ஆபீஸில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். தங்கச்சி, உங்கள் பதிவில் ஒரு விஷயம் இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த ஐந்தாம் மாடி பிளாட்டின் டிசி நம்பர் என்ன?

திருவனந்தபுரம் கார்ப்பரேஷன் எல்லைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் டிசி என்று தொடங்கி, வார்டு எண் ஒன்று, சாய்கோடு, வீட்டு எண் என்று ஒரு நம்பர் இருக்கும். கட்டி முடித்து, பிளான்படி இருக்கிறது என்று கார்ப்பரேஷன் பார்த்து, குடியிருக்கலாம் என்று ஆக்குபன்சி சான்று கொடுத்த பிறகுதான் அது கிடைக்கும். நாலு மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்து கட்டினால் அந்த ஐந்தாவதுக்கு நம்பர் விழாது, விழுந்தாலும் அனுமதியில்லாதது என்பதற்கான யு.ஏ. என்ற எழுத்தோடு விழும், அது வரி வசூலுக்கான நம்பரே தவிர அனுமதி அல்ல. நம்பர் இல்லாத வீட்டு முகவரியை வைத்து நீங்கள் சமையல் கேஸ் இணைப்பை மாற்றவோ, பேங்கில் முகவரி கொடுக்கவோ போனால் ஒவ்வொரு கவுண்டரிலும் நிற்க வேண்டி வரும். கரண்ட் கனெக்‌ஷனும் கட்டட வேலைக்கு எடுத்ததாகவே இருக்கும், அதன் ரேட் வீட்டு ரேட்டைவிட அதிகம், அதை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

"நம்பர் வந்துகொண்டிருக்கிறது, ஃபைல் போயிருக்கிறது" என்று ப்ரோக்கர் சொன்னால் சரி, வந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், அதில் ஓனர் பெயரும் டிசி நம்பரும் இருக்கும்.

ஒற்றி பற்றி. ஒற்றி நம் பக்கம் பழகிய வழக்கம்தான், அங்கேயும் பணயம் என்று நிறைய நடக்கிறது. மாசா மாசம் வாடகை இல்லை என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆறு லட்சத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் அது உங்களைக் காப்பாற்றாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானத்தை இரண்டு சாட்சி வைத்து ரிஜிஸ்டர் பண்ண வேண்டும் என்பது சட்டம். புது பிளாட் என்றால் பெரும்பாலும் ஓனர் பேங்க் லோனில்தான் வாங்கியிருப்பார். பேங்க் முதலில், நீங்கள் அதற்குப் பின்னால். லோன் கட்டாமல் பேங்க் வீட்டை எடுத்தால் உங்கள் ஆறு லட்சம் யாரிடம் கேட்பீர்கள்? வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் ஒற்றிக்குப் போகாதீர்கள், அங்கே பாத்யதா சர்டிபிகேட் என்று கேட்க வேண்டும். பேங்க் சில சமயம் ஆதாரத்தை வாங்கி வைத்துக்கொண்டே லோன் கொடுத்திருக்கும், அது வில்லங்கத்தில் தெரியாமலும் போகலாம். அதனால் அசல் ஆதாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது. எனவே ஒற்றி வேண்டாம், வாடகையாகவே பேசுங்கள்.

செங்கோட்டை முருகேசு எழுதியது:

இத்தனை தலைவலி எதற்கு? நெய்யாற்றின்கரையில் தனி வீடே பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கும், முற்றம் இருக்கும், கிணறு இருக்கும், அங்கிருந்து பஸ் இருக்கிறது.

குழித்துறைக்காரி எழுதியது:

அண்ணே, நெய்யாற்றின்கரை என்றால் மறுபடியும் இரவு ஒன்பதரைதான். அம்மாவுக்கு ஏதாவது என்றால் பத்து நிமிடத்தில் ஓடிவரும் தூரத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் கணக்கு. அதனால்தான் சிட்டி நடுவில் பார்க்கிறேன்.

ஆதாரம் அண்ணன் கேட்டதும் ப்ரோக்கருக்குப் போன் பண்ணினேன். டிசி நம்பர் கேட்டவுடன் "அதெல்லாம் வந்துகொண்டிருக்கிறது" என்று நீங்கள் எழுதிய அதே வார்த்தையைச் சொன்னார். கை நடுங்கிவிட்டது.

சாலைக்கடை மகன் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா சாலையில் பித்தளை, செம்புப் பாத்திரக் கடை வைத்திருந்தார். வாடகைக் கடை, தாத்தா காலத்திலிருந்து. ஓனர் குடும்பத்தில் பாகம் பிரிந்து, இளைய மகன் கைக்கு வந்ததும் இடித்துக் கட்டப் போகிறேன், ஆறு மாதம் வெளியே இருங்கள், புதுக் கட்டடத்தில் முதல் கடை உங்களுக்குத்தான் என்றார். அப்பா அவரைத் தூக்கி வளர்த்தவர். எழுதி வாங்கத் தோன்றவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதம் இரண்டரை வருடமானது. கீழே செல்போன் கடை, மேலே பிளாட். எங்களுக்குச் சொன்ன வாடகை பழையதைப் போல ஒன்பது மடங்கு. அப்பா அதற்கப்புறம் கடை வைக்கவே இல்லை. வீட்டில் குத்துவிளக்கும் உருளியும் மூட்டை மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. வாரத்துக்கு ஒருநாள் ஒன்றை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றித் திரும்ப வைப்பார். விற்கலாமே என்றால் பதில் சொல்ல மாட்டார்.

பின்னால்தான் தெரிந்தது, கேரளத்தில் 1965-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. இடித்துக் கட்டுவதற்காக ஒரு வாடகைக்காரரை வெளியேற்ற வேண்டுமானால் ஓனர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், பிளான், லைசென்ஸ் இருக்கிறதா, கட்டுகிற வசதி இருக்கிறதா என்று கோர்ட் பார்க்கும். அப்படி வெளியேற்றப்பட்டவருக்குப் புதுக் கட்டடத்தில் முதல் உரிமை உண்டு, நியாய வாடகை கொடுத்து உள்ளே வரலாம். அப்பா தானாகச் சாவி கொடுத்ததால் அந்த வழி எங்களுக்கு அடைபட்டுவிட்டது என்று வக்கீல் சொன்னார்.

இதைப் படிக்கிற யாருக்காவது சாலையிலோ கரமனையிலோ பழைய வாடகைக் கடையோ வீடோ இருந்தால், வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஓனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

குழித்துறைக்காரி எழுதியது:

அண்ணா, படித்ததும் மனசு கனத்துப் போனது. நான் பார்க்கிற கட்டடத்திலும் முன்னால் ரெண்டு கடை இருந்தது என்றுதானே சொன்னார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. அந்த இடத்தில் நான் போய் இருப்பது சரியா?

சாலைக்கடை மகன் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் வருவதால் என் அப்பா கடை போகவில்லை. வீடு தேவைப்படுகிற ஆள் வீடு எடுக்கத்தான் வேண்டும். கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். பழைய ஆட்கள் வழக்குப் போட்டிருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்தால் போதும், அந்தச் சந்தின் முழுக் கதையும் சொல்லிவிடுவார்கள்.

பேட்டை மீனாட்சி எழுதியது:

யாரும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. நாங்கள் கோட்டைக்குள் ஒரு புதுக் கட்டடத்தில் பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டு, அட்வான்ஸ் கொடுத்து, சாமான் இறக்கி, மூன்றாம் நாள் மீன் குழம்பு வைத்தேன். சாயங்காலம் அசோசியேஷன் செயலாளர் வந்து இந்தக் கட்டடத்தில் சைவம் மட்டும்தான், உங்களுக்குச் சொல்லவில்லையா என்றார். ஓனர் வெளிநாட்டில், போன் எடுக்கவில்லை. ப்ரோக்கர், எனக்குத் தெரியாது அக்கா என்றார். அக்ரிமென்டில் அப்படி ஒரு வரி இல்லை, அதனால் சட்டப்படி அவர்கள் எங்களை ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் தினமும் லிப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் நடுவில் எப்படி இருப்பது? எட்டு வயது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அம்மா இன்றைக்கு மீன் வாசனை வருமா என்று பயந்துபோய்க் கேட்டாள். அன்றைக்கே பேட்டைக்கு மாறுவது என்று முடிவு செய்தோம். அட்வான்ஸில் ரெண்டு மாதம் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருவர் தன் வீட்டு அடுப்பில் என்ன வைக்கிறார் என்பதை அடுத்த பிளாட்காரர் தீர்மானிப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. இருந்தாலும் போகிறதற்கு முன் கேட்டுவிடு தங்கச்சி, அசோசியேஷன் விதியை எழுத்தில் காட்டச் சொல்.

கரண்டுக்கும் ஒன்று சொல்கிறேன். கேரளத்தில் பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாதக் கணக்கில் 250 யூனிட் தாண்டினால் அதற்குமேல் மட்டுமல்ல, மொத்த யூனிட்டுக்கும் உயர்ந்த ரேட் விழும். அதனால் உன் பிளாட்டுக்குத் தனி மின்வாரிய (கே.எஸ்.இ.பி.) மீட்டர் இருக்கிறதா என்று பார். சப்மீட்டர் வைத்து ரெண்டு மூன்று வீட்டை ஒரே கனெக்‌ஷனில் ஓட்டினால் எல்லாருடைய யூனிட்டும் சேர்ந்து 250 தாண்டும், ஒரு பேன் ஓட்டுகிற உன் அம்மாவும் ஏசி ஓட்டுகிறவர் ரேட்டில் கட்டுவார்.

வலியசாலை மாமா எழுதியது:

மீனாட்சி அம்மா எழுதியதைப் படித்தேன். எங்கள் ஆட்கள் கட்டடத்திலும் அப்படிச் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். அக்ரஹாரமாக இருந்தபோது அது ஒரு தெருவின் வழக்கம். நிலத்தை விற்று, நாலு பேர் பணம் போட்டுக் கட்டி, வாடகைக்கும் விட்ட பிறகு அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தர் குழந்தையைப் பயமுறுத்துவது முறையல்ல. உங்கள் மகளிடம் ஒரு வயசாளி மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குழித்துறைப் பெண்ணுக்கு இன்னும் ரெண்டு. பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்துப் பொங்கலிடுகிற ஆற்றுகால் பொங்காலை அன்றைக்கு உன் சந்தில் அடுப்பு வைக்க இடம் இருக்காது. 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிவான கூட்டம் அது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே செங்கல் அடுக்கி இடம் பிடிப்பார்கள், வண்டியை வெளியே எடுக்க முடியாது. அம்மாவுக்கு மருந்து ஏதாவது வேண்டுமானால் அதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துவிடு. கட்டடத்தில் குளியலறையும் தண்ணீரும் வந்தவர்களுக்குக் கொடுக்கிறார்களா என்று பார், கொடுக்கிற கட்டடம் என்றால் நல்ல ஜனங்கள் இருக்கிற கட்டடம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்து சரஸ்வதி யானை மேல் வருவது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் குழித்துறை மகாதேவர் கோயிலில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கித்தானே வருகிறாள். கூட வருகிற வேளிமலை குமாரசுவாமிக்கு ஆரியசாலையில் இருப்பு, சுசீந்திரம் முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டையில். அம்மா நடந்தே போய்ப் பார்க்கலாம்.

நேமம் ரயில் எழுதியது:

குப்பையையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளப்பில்சாலை குப்பை ஆலை 2011-ல் மூடியதிலிருந்து சிட்டியில் வீட்டுக் குப்பை அவரவர் பொறுப்பு மாதிரிதான். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து வீடு வீடாக வந்து வாங்குகிற ஹரித கர்ம சேனை அக்காக்களிடம் கொடுக்க வேண்டும், மாதம் ஒரு தொகை உண்டு. சமையல் குப்பைக்குக் கட்டடத்திலேயே ஏற்பாடு இருக்க வேண்டும், இல்லையென்றால் தினமும் கவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அந்த 1,800 மெயின்டனன்ஸில் இது சேர்த்தியா என்று கேளுங்கள்.

சாமான் இறக்குகிற நாளில் சுமட்டுத் தொழிலாளிகள், அதாவது சுமை தூக்குகிறவர்கள், வந்தால் முதலிலேயே கூலி பேசி ரசீது கேளுங்கள். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கிற நோக்குகூலி 2018 மே 1 முதல் தடை. அதற்காக அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம், பீரோவை ஐந்து மாடி ஏற்ற அவர்களைப் போல யாராலும் முடியாது, கேட்கிற நியாயக் கூலியைக் கொடுத்துவிடலாம்.

குழித்துறைக்காரி எழுதியது:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை இரவே பெரியம்மா மகள் வீட்டில், கரமனையில் தங்கி, மாமா சொன்ன மாதிரி விடியற்காலை நாலரைக்கு அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன்.

சத்தம் உண்மைதான். ஆனால் சத்தத்தைவிட எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கட்டடத்தில் கீழிருந்து நாலாம் மாடிவரை பால்கனி விளக்கெல்லாம் எரிகிறது, மீட்டர் பெட்டி வரிசையாக இருக்கிறது. மேலே போகிற வயர் மட்டும் பின்பக்கம் தனியாக ஒரு தகரப் பெட்டியிலிருந்து போகிறது. டீக்கடை அண்ணன் சொன்னார், அது கட்டட வேலைக்கு எடுத்த கனெக்‌ஷன், நாலுக்கு மேல் நம்பர் ஆகவில்லை, ஒரு குடும்பம் வந்து எட்டு மாதத்தில் போய்விட்டது என்று. முன்னால் இருந்த ரெண்டு கடையில் ஒன்று அவருடையதுதானாம். இப்போது அதே சந்தில் எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் டீ போடுகிறார். கட்டடத்தைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "அடுப்பு அங்கே இருந்தது, அந்த மாமரம் இருந்த இடத்தில்" என்று கையை மட்டும் காட்டினார். அங்கே இப்போது டைல்ஸ் போட்ட கார் நிறுத்தம்.

லிப்டுக்குள் ஒட்டியிருந்த லைசென்ஸ் காகிதத்தில் தேதி முடிந்து போயிருந்தது. கேட்டதற்குக் கேர்டேக்கர், புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது என்றார்.

ஐந்தாம் மாடி வேண்டாம் என்று ப்ரோக்கரிடம் சொல்லிவிட்டேன். ரொம்பக் கோபப்பட்டார். ஆனால் டீக்கடை அண்ணனே, ரெண்டாம் மாடியில் ஒரு டீச்சர் வீடு மாறிப் போகிறார், அந்த ஓனர் பூஜப்புரையில்தான் இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார். அந்த ஓனர் அம்மாவிடம் பேசினேன். வாடகை 16,000, அட்வான்ஸ் நாலு மாதம். வரி ரசீது, கடைசிக் கரண்ட் பில் ரெண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. டிசி நம்பர் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை, நாங்களும் மீன்காரர்கள்தான் மோளே என்று சொன்னார்.

ஆதாரம் அண்ணா, அக்ரிமென்டில் என்னென்ன எழுதச் சொல்ல வேண்டும்?

பாறசாலை ஆதாரம் எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். பதினொரு மாதம் போதும், ஒரு வருடத்துக்கு மேல் போனால் ரிஜிஸ்டர் பண்ண வேண்டி வரும். இந்த வரிகள் கட்டாயம் இருக்கட்டும்: அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் எந்த வழியில் கொடுத்தது, காலி செய்தால் எத்தனை நாளில் திரும்ப வரும். பெயிண்ட் அடிக்கும் செலவு யாருடையது. இதை எழுதாமல் விட்டுத்தான் காலி செய்கிற நாளில் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். கட்டடத்தின் பெரிய ரிப்பேர், லிப்ட், தொட்டி எல்லாம் ஓனர் பொறுப்பு என்று இருக்கட்டும். இரு பக்கமும் எத்தனை மாத நோட்டீஸ் என்பதும். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாகப் போடுங்கள். உள்ளே போகிற அன்றைக்குக் குழாய், சுவிட்ச், சுவர், கதவு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் ஸ்கூட்டர் டி.என். 75 வண்டிதானே? ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே ஓட்டினால் கேரள ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மாற்ற வேண்டும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறைக்காரி எழுதியது:

இங்கே வந்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். லிப்ட் லைசென்ஸ் புதுப்பித்து ஒட்டிவிட்டார்கள், ரெண்டாம் மாடி ஓனர் அம்மா அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து கேட்டாராம். தண்ணீர்த் தொட்டி கீழே பெரிதாகத்தான் இருக்கிறது. நாலு கிணற்றில் ஒன்றை மட்டும் மூடாமல் கம்பி வலை போட்டு வைத்திருக்கிறார்கள், மோட்டார் அதிலிருந்துதான் ஓடுகிறது, அம்மா அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பின்பக்க ஜன்னலுக்கு எதிரே, மாமா எழுதிய மாதிரியே ஒரு சுவர் இருக்கிறது. படிக்கட்டுத் தடம் இல்லை, ஆனால் ஒரு மாடம் இருக்கிறது, அதற்குமேல் கறுப்பு. அம்மா என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். விடியற்காலை லாரிச் சத்தத்தில் எழுந்துவிடுகிறார்கள், எழுந்ததும் கீழே இறங்கிப் படியில் கோலம் போட்டுவிட்டு டீக்கடை அண்ணனிடம் ரெண்டு டீ வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர் தக்கலைக்காரராம்.

சாலைக்கடை அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்குக் கார்த்திகைக்கு ஒரு குத்துவிளக்கு வாங்க ஆசை, ஊர் விளக்கு தம்பி வீட்டில் இருக்கிறது. உங்கள் அப்பா வைத்திருக்கிறவற்றில் ஒன்றைத் தருவாரா? விலையை அவரே சொல்லட்டும்.

சாலைக்கடை மகன் எழுதியது:

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.